குமிழி ஏறும் நேரம்

மன்னார்க் கடற்கரை ஊரான கீரியில் சந்தியோகுவை யாரும் சந்தியோகு என்று கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே 'ஜேர்மன்காரர்', முதுகுக்குப் பின்னால் 'அணுகுண்டுக்காரர்'. ஜேர்மனியில் அணு மின் நிலையத்தில் வேலை செய்தவர் என்று யாரோ ஒருநாள் சொல்ல, ஊர் அதில் மின் நிலையத்தைக் கடலில் போட்டுவிட்டு அணுவை மட்டும் வைத்துக்கொண்டது. அவருக்குத் தலைமயிர் கொட்டினதற்கும் அதுதான் காரணமாம். அவருடைய தகப்பனுக்கும் பாட்டனுக்கும் அதே வயதில் அதே இடத்தில்தான் கொட்டியது. அவர்கள் இருவரும் வள்ளத்தைத் தவிர வேறெதிலும் கால் வைத்ததில்லை. எடுத்துச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.

அறுபது வயது. கடற்கரைக்குப் போகும் மணல் ஒழுங்கையில் நாலு அறை வீடு. மூன்று பேருக்கென்று கட்டியது, இருப்பது ஒருவர். மனைவி சிசிலியா ஜேர்மனியில் இருந்தபடியே படம் படமாக வாங்கிப் பார்த்து, குசினிக்கு நீல மாபிள், மகளுக்குக் கடல் தெரியும் அறை என்று சொல்லிச் சொல்லிக் கட்டுவித்தாள். அந்தக் குசினியில் அவள் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்ததில்லை. மகள் தர்ஷிகா அந்த அறையில் ஒருநாள் படுத்ததில்லை. சந்தியோகு குசினிக்குப் பக்கத்து அறையில் படுத்து எழும்பி, மற்ற அறைகளைக் கிழமைக்கு ஒருமுறை கூட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். தனிமை என்று வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் இறைச்சிக் கடையில் எவ்வளவு என்று கேட்டால் 'கால் கிலோ' என்று சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

இந்த ஓகஸ்டில் சிசிலியாவின் இரண்டாம் ஆண்டு நினைவுப் பூசை. மடு மாதா கோயிலில், திருவிழா நாட்களில் கொடுக்கவேண்டும் என்பது அவள் கட்டிலில் கிடந்தபோது கேட்டுக்கொண்டது. தர்ஷிகாவுக்கு முப்பத்தொரு வயது, ஹம்பேர்க்கில் ஒரு ஆசுப்பத்திரியில் தாதி. முதலாம் ஆண்டுக்கு அவள் வரவில்லை. இந்த முறையும் வராவிட்டால் இனி வரமாட்டாள் என்று சந்தியோகுவுக்குத் தெரியும். இரண்டு தரம் தவறினது பிறகு வழக்கமாகிவிடும். அவருக்கு உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்தி.

தகப்பனுக்கும் மகளுக்கும் என்ன பிணக்கு என்று சொல்ல முதல் அவருடைய தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் விளங்கும். சந்தியோகுவுக்கே தன் மகளை விளங்கிக்கொள்ள அந்தத் தொழிலைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அவர் வேலை செய்தது கொதிநீர் உலையில். பெரிய உருக்குப் பானை ஒன்று. உள்ளே யுரேனியக் கோல்கள் கட்டுக்கட்டாக நிற்கும். கீழிருந்து தண்ணீர் ஏறும், கோல்களின் சூட்டில் கொதிக்கும், ஆவி குமிழி குமிழியாக மேலே போகும், அந்த ஆவிதான் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும். அணு பிளப்பதற்கு அங்கே தண்ணீரின் துணை வேண்டும். சூடு கூடினால் குமிழி கூடும்; குமிழி கூடினால் தண்ணீர் குறையும்; தண்ணீர் குறைந்தால் பிளப்பது குறைந்து சூடு தானாக இறங்கும். இறங்கினால் குமிழி குறைந்து மறுபடி ஏறும். தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் உலை. மனிதரில் அப்படி ஒருத்தரை அவர் கண்டதில்லை.

ஆனால் குமிழி கீழே பிறந்து மேலே ஏறிப் போக ஒன்றிரண்டு செக்கன் எடுக்கும். தண்ணீர் வேகமாக ஓடுகிறவரைக்கும் அந்தச் சுணக்கம் ஒன்றும் செய்யாது. தண்ணீரை ஓட்டும் பம்பிகள் நின்று ஓட்டம் குறைந்து, சூடு மட்டும் பெரிதாக இருந்தால்தான் வில்லங்கம். 'இறங்கு' என்று சொல்லவேண்டிய சொல், அது இறங்கத் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்து இன்னும் கீழே தள்ளும். 'ஏறு' என்ற சொல்லும் அப்படியே பிந்தி வந்து இன்னும் மேலே தள்ளும். திருத்த வந்ததே ஊஞ்சலைத் தள்ளுகிற கை ஆகிவிடும். உலையின் வலு இரண்டு செக்கனுக்கு ஒருதரம் ஏறி இறங்கி ஆடும்.

அந்த நேரத்தில் பார்க்கவேண்டியது ஒன்றுதான். ஓர் ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டம் எவ்வளவு? பாதி என்றால் பயமில்லை, தானாக அடங்கும். சமம் என்றால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். கூட என்றால் யோசிக்க நேரமில்லை.

இருபது வயதில் மன்னாரை விட்டுப் போனவர் சந்தியோகு. கோப்பை கழுவி, நிலையத்தின் வெளிமுற்றம் கூட்டி, கூட்டினபடியே மொழி படித்து, அந்த மொழியில் தொழில் படித்து, கடைசியில் கட்டுப்பாட்டு அறையில் போய் இருக்கிற சோதனைவரை வந்தார். முதல் தரம் அதில் தவறினார். உண்மை உலையில் அல்ல. அதே மேசை, அதே முட்கள், அதே விளக்குகள் வைத்து, பின்னால் கணினி ஓட்டுகிற பயிற்சி உலையில். கணினி இரண்டு பம்பியை நிறுத்தியது. வலுவைக் காட்டுகிற முள் ஆடத் தொடங்கியது. சந்தியோகு கடலில் வள்ளம் நடத்துகிற மண்டாடி வீட்டுப் பிள்ளை. வள்ளம் ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கம் போய் நிற்கிற சாதி. முள் ஏற ஏற, பிளப்பதை அடக்குகிற கம்பியை ஒரு படி உள்ளே தள்ளினார், இறங்க இறங்க ஒரு படி வெளியே எடுத்தார். நாற்பது செக்கன் வேர்க்க வேர்க்கப் பாடுபட்டார். ஆட்டம் கூடிக்கொண்டே போய், கடைசியில் கணினியே எல்லாவற்றையும் நிறுத்தியது.

பயிற்சி கொடுத்தவர் நரைத்த மனிதர், கோபிக்கவில்லை. "நீ முள்ளைத் துரத்துகிறாய். முள் காட்டுவது போன செக்கனை. நீ கை வைக்கும்போது அது அந்த இடத்தில் இல்லை. ஆட்டத்துக்குப் பதில் சொல்லாதே, ஆட்டம் பிறந்த இடத்தை விட்டு வெளியே வா. தண்ணீரை ஓட்ட முடிந்தால் ஓட்டத்தைக் கூட்டு. முடியாவிட்டால் உலையை நிறுத்து."

எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார். "பெரிய முள் அசையாமல் நிற்கிறது என்று நிம்மதியாக இருக்காதே. உலையின் ஒரு பாதி ஏறும்போது மறுபாதி இறங்கினால் கூட்டிப் பார்க்கச் சமமாகத்தான் காட்டும். உள்ளே தனித்தனியாக வைத்த கருவிகளைப் பார்."

ஆறு மாதம் கழித்து இரண்டாம் தரம் பாஸ் பண்ணினார். சிசிலியா குடியிருந்த மாடி முழுவதற்கும் ஆட்டுக்கறி காய்ச்சிக் கொடுத்தாள். அப்போது தர்ஷிகாவுக்கு நாலு வயது.

அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயதானபோது ஜப்பானில் கடல் ஏறி உலைகள் வெடித்தன. ஜேர்மனி முழுக்க ஊர்வலம். தர்ஷிகா மஞ்சள் கொடியோடு போய் நின்ற இடம் வேறெதுவுமில்லை, தகப்பன் வேலை செய்த நிலையத்தின் வாசல். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. உள்ளே சந்தியோகு பின்னேர ஷிப்ட் வேலையில் இருந்தார். கூட வேலை செய்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு நாகரிகமாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. எல்லாவற்றையும் குசினியில் சிசிலியாவிடம் கொட்டினார். சிசிலியா கேட்டுவிட்டு மகளின் அறைக்குப் போனாள். மகள் அழுது கத்தினதைக் கேட்டுவிட்டுக் குசினிக்கு வந்தாள். இரண்டு பக்கமும் என்ன சொன்னாளோ, அரை மணித்தியாலத்தில் வீடு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அது அந்த வீட்டின் நடைமுறை. உலையை நிரந்தரமாக மூடின நாளில் சந்தியோகு சாப்பிடாமல் இருந்தபோது சிசிலியா வந்து, "பிள்ளை உங்களுக்காகக் கோயில்ல மெழுகுதிரி கொழுத்தினவளாம்" என்றாள். அந்த ஒரு மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் எழும்பிக் கை கழுவிவிட்டுச் சாப்பிட்டார். மகளிடம் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் வெட்கப்படுவாள் என்று நினைத்தார்.

பிறகு சிசிலியாவுக்கு வயிற்றில் கட்டி. கண்டுபிடித்து ஐந்து மாதம். அவள் கண்ணை மூடின காலை, ஆசுப்பத்திரி நடைபாதையில் வைத்துத் தர்ஷிகா சொன்னாள்: "உங்கட உலைதான் அம்மாவைத் திண்டது."

அவள் தாதி. அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? சிசிலியா ஒருநாள்கூட அந்த வாசலைத் தாண்டினதில்லை. ஆனால் துக்கத்துக்கு எறிய ஒரு கல் வேண்டும், கையில் அகப்பட்டது அதுதான். சந்தியோகு ஒரு கணம் பொறுத்திருக்கலாம். "நீ படிச்ச படிப்பு இவ்வளவுதானோ?" என்றார். அடக்கம் முடிந்து நாலாம் மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு கீரிக்கு வந்துவிட்டார்.

இனி இந்த வருடத்துக் கதை.

ஜூன் மாதம் ஒரு விடியற்காலை தர்ஷிகா குரல் பதிந்து அனுப்பினாள். "அப்பா, அம்மாட பூசைக்கு வர யோசிக்கிறன். லீவு கேட்டிருக்கிறன்."

இரவு வேலையின் இடைவேளையில் அனுப்பியிருக்கிறாள். அந்த நேரம் சந்தியோகு கடற்கரையில் நடந்துகொண்டிருந்தார், போன் வீட்டில் சார்ஜில். எட்டு மணிக்குக் கேட்டார். 'வா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் ஆசைப்படுகிற மாதிரித் தெரியக்கூடாது என்ற ஒரு கெட்ட குணம் அவருக்கு. "முடிஞ்சா வா பிள்ளை. கரைச்சல்பட வேண்டாம்" என்று பதிந்து அனுப்பினார்.

அவள் வேலை முடிந்து களைத்து வந்து அதைக் கேட்டாள். "நான் வாறது உங்களுக்குக் கரைச்சலோ?" என்று கேட்டுவிட்டுப் படுத்தாள். பின்னேரம் எழும்பினபோது மனம் இளகி, "அப்பா, நான் கோவத்தில சொல்லிப்போட்டன், மனசில வைக்காதைங்கோ" என்று இன்னொன்று அனுப்பினாள். அதற்கிடையில் சந்தியோகுவின் பதில் முந்தினதுக்குப் புறப்பட்டுவிட்டது: "விருப்பமில்லாட்டி வர வேண்டாம். பூசையை நான் ஒருத்தனே குடுப்பன்." அவளுடைய இளகின குரலை இவர் கேட்டுவிட்டு வெட்கப்பட்டு நயமாக ஒன்று அனுப்ப, அது போய்ச் சேரமுதல் இவருடைய கோபத்துக்கு அவளுடைய கோபம் வந்து நின்றது.

இப்படியே மூன்று கிழமை. இவர் இறங்கும்போது அவள் ஏறினாள், அவள் இறங்கும்போது இவர் ஏறினார். யாரும் யாருக்கும் நேர்ப் பதில் சொல்லவில்லை. முந்தாநாளுக்குப் பதில் சொன்னார்கள். குரல் பதிந்து அனுப்புவதில் ஒரு சொகுசு உண்டு, எதிரில் முகம் இல்லை. கடைசியில் அவள், "நீங்கள் அம்மாட கல்லறையைத் தனிய விட்டிட்டுப் போனமாதிரித்தான் என்னையும் விட்டிட்டுப் போனனீங்கள்" என்றாள். இவர், "ஒரு பெத்த தேப்பனைப் பார்த்துக் கொலைகாரன் எண்டவள் நீ" என்றார். அனுப்பிவிட்டுக் கதிரையில் போய் இருந்தார். அப்போதுதான் அந்தப் பயிற்சி உலையின் முள் கண்ணுக்குள் வந்தது. முதல் ஆட்டத்தைவிட இரண்டாவது பெரிது, இரண்டாவதைவிட மூன்றாவது பெரிது. நான் மறுபடியும் முள்ளைத் துரத்துகிறேன் என்று சந்தியோகு நினைத்தார். இந்த முறை சோதனையில் தவறக்கூடாது. நிறுத்து.

போனை மௌனமாக்கி, சிசிலியாவின் சேலைகள் இருந்த அலுமாரியில் வைத்துக் கதவைப் பூட்டினார். பத்து நாள். எல்லாம் அடங்கட்டும், பிறகு எடுப்போம். அந்தப் பத்து நாளில் அவர் யாரோடும் கதைத்தது கடைக்காரரோடும் பஸ் கொண்டக்டரோடும் மட்டும். ஒருநாள் மன்னார் ரவுணில் நடு றோட்டில் படுத்துக் கிடந்த கழுதையைப் பார்த்து "எழும்பு ராசா" என்றவர், அன்றைக்குத் தன் குரலைத் தானே முதல்தரம் கேட்பதை உணர்ந்து திடுக்கிட்டார். உலையை நிறுத்தினால் இப்படித்தான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பதினோராம் நாள் காலை வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நவ்ஷாத். கிணற்றுப் பம்பி பழுதுபார்க்கிறவர். இந்த வீட்டின் தண்ணீர்க் குழாய் முழுக்க அவர் போட்டது. வீடு கட்டுகிற நாளில் சிசிலியாவும் தர்ஷிகாவும் அவரோடுதான் வீடியோவில் கதைத்துக் குழாய் எங்கே வரவேண்டும் என்று சொல்வார்கள்.

"உசிரோட இருக்கீங்களா அண்ணன்?" என்றார் நவ்ஷாத், தலைக்கவசத்தைக் கழற்றாமலே. "மகள் எனக்கு எடுத்தா. அழுகிறா. அப்பா விழுந்து கிழுந்து கிடக்கிறாரோ, போய்ப் பாருங்க எண்டு."

சந்தியோகு அலுமாரியைத் திறந்து, செத்துக் கிடந்த போனை எடுத்துச் சார்ஜில் போட்டார். மகள் பதிந்து அனுப்பினவை வரிசையாக நின்றன.

"அப்பா, லீவு கிடைச்சிட்டுது! ஓகஸ்ட் ஐஞ்சாந் திகதி வரவோ பன்னிரண்டு வரவோ? வெள்ளிக்கு முதல் நான் வேலையில சொல்லோணும்."

"அப்பா, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"அப்பா?"

"சரி. விளங்கிட்டுது. என்னோட வேலை செய்யிற ஒருத்திக்கு லீவைக் குடுத்திட்டன்."

அதற்கும் பிறகு, நேற்றைய திகதியில், சொல் ஒன்றும் இல்லாமல் வெறுமனே ஐந்து தவறிய அழைப்பு.

மௌனம் சம்மதம் என்பார்கள். எந்த மடையன் சொன்னானோ. சந்தியோகு கதிரையில் இருந்துவிட்டார். நவ்ஷாத் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து கேட்டார். சந்தியோகு எல்லாவற்றையும் சொன்னார். உலை, ஆட்டம், முள், நிறுத்தினது, எல்லாம். கீரிக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அவர் தன் தொழிலைப் பற்றி ஒருவருக்கு முழுதாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

நவ்ஷாத் தாடியைத் தடவினார். "பம்பு நிண்டாத்தானே அண்ணன் நிப்பாட்டச் சொன்னாரு அந்த மனுசன்? ஓடக்கூடிய பம்பு எண்டா ஓட்டத்தைக் கூட்டச் சொன்னாருல்ல? உங்களுக்கு வாய் இருக்கு, அவக்குக் காது இருக்கு. என்ன பழுது? மோட்டர் சத்தம் போடுது எண்டு மெயினை ஓஃப் பண்ணிட்டுப் பத்து நாள் படுத்தா கிணத்துல தண்ணி இருந்தும் குடிக்க ஏலாது."

இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தி அந்த நரைத்த மனிதர் சொன்னது இரண்டு வழி. பயத்தில் அவர் மனப்பாடம் பண்ணினது இரண்டாவதை மட்டும். அந்த வீட்டில் தண்ணீரை ஓட்டிக்கொண்டிருந்தது சிசிலியா. அவள் நின்றதும் வீட்டுப் பம்பி நின்றுவிட்டது என்று நினைத்துவிட்டார். தன்னிடமும் ஒன்று உண்டு என்று தேடிப்பார்க்கவில்லை.

"எத்தனை மணிக்கு அவ வேலை முடியுது?" என்றார் நவ்ஷாத்.

கணக்குப் பார்த்தார்கள். ஹம்பேர்க்கில் காலை ஆறரைக்கு பஸ்ஸில் ஏறுவாள். மன்னாரில் அப்போது பத்து மணி. சந்தியோகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்துக்கு எட்டு நிமிடம். நவ்ஷாத், கிணற்றடியில் ஏதோ பார்க்கவேண்டும் என்று எழும்பிப் போனார். கிணற்றடியில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

முதல் மணியிலேயே எடுத்தாள். சந்தியோகுவுக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "பிள்ளை, நான் போனை அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிட்டன்" என்றார். சின்னப்பிள்ளை களவு பிடிபட்ட மாதிரி.

"ஏன் அப்பா?"

"உன்னோட சண்டை பிடிக்கப் பயமா இருந்தது."

"அப்பா செத்துப்போச்சினம் எண்டு நினைச்சன்" என்றாள் தர்ஷிகா. அவளுக்குத் தமிழ் அழும்போது குழம்பிவிடும்.

லீவு போனது போனதுதான். இனி இந்த வருடம் கிடைக்காது. ஆனால் அடுத்த நாளும் பத்து மணிக்கு எடுத்தார். அதற்கடுத்த நாளும். கோபம் வந்தது, வராமல் இருக்குமா? வந்தால் அங்கேயே, அந்த நிமிடத்திலேயே, "பிள்ளை, அது எனக்கு நொந்தது" என்றார். "ஆசுப்பத்திரியில நீங்கள் சொன்னதும் எனக்கு நொந்தது" என்றாள். அவளுக்கு நொந்ததென்று அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. பிந்தாமல் வந்த சொல் பாதியாகிப் பாதியாகி அடங்கியது. அவளுடைய பஸ் போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம். அந்த இருபத்திரண்டு நிமிடத்துக்காக மனிதர் ஒன்பது மணிக்கே முகம் வழித்துச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தார்.

ஜூலைக் கடைசியில் ஒருநாள் அவள் கேட்டாள்.

"அப்பா, பேப்பரில வந்த என்ர படம். உங்கட கேற்றடியில கொடியோட நிண்டது. அதை வெட்டி நீங்கள் வேலையிடத்து லொக்கரில ஒட்டி வச்சிருந்தனீங்கள் எண்டு அம்மா அண்டைக்கே சொன்னவா. உங்களுக்குக் கோவம் வந்தாலும் உள்ளுக்குள்ள பெருமையாம். நான் இவ்வளவு காலமும் கேக்கேல்ல. உண்மையோ?"

சந்தியோகுவின் லொக்கரில் ஒட்டியிருந்தது மடு மாதாவின் படம். அந்தப் பத்திரிகையை அவர் நாலாக மடித்துக் குப்பைக்குள் திணித்த உணர்வு இன்றைக்கும் கையில் இருக்கிறது. 'ஓம்' என்று ஒரு சொல். சொன்னால் மகள் சந்தோசப்படுவாள்; சிசிலியா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். பெரிய முள் அசையாமல் நிற்கும். பதின்மூன்று வருடம் அந்த முள்ளைப் பார்த்துத்தானே தன் வீடு அமைதியான வீடு என்று இருந்தார்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "நான் ஒட்டேல்ல. அந்தப் பேப்பரைக் குப்பையில போட்டனான்."

மகள் அதோடு வைத்துவிடுவாளோ என்று பயந்து, அவர் உடனே தானும் கேட்டார். "நானும் ஒண்டு கேக்கிறன். உலையை மூடின நாள் நீ எனக்காகக் கோயில்ல மெழுகுதிரி கொழுத்தினனி எல்லோ?"

"மெழுகுதிரியோ? என்ன மெழுகுதிரி?"

"அம்மா சொன்னவா."

"அப்பா..." அவளுடைய குரல் ஒரு மாதிரிப் போனது. "அண்டைக்கு நான் கூட்டாளியளோட நடுச் சந்தியில ஆடினனான். கால் நோகும் வரைக்கும் ஆடினனான்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; அங்கே பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அந்த மனுசி! வேதக்காரி, ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவள், இரண்டு பக்கமும் பொய்யைச் சுமந்து சுமந்து ஓடியிருக்கிறாள். ஒரு மூச்சுவிடவில்லை. சிரிப்பு முடிந்த இடத்தில் இருவரும் அழுதார்கள். சிசிலியா செத்து இரண்டு வருடத்தில் அவர்கள் ஒன்றாக அழுதது அன்றைக்குத்தான்.

ஓகஸ்ட் பத்தாந் திகதி சந்தியோகு தனியாக மடுவுக்குப் பஸ் ஏறினார். மரங்களின் கீழெல்லாம் கூடாரம். குடும்பம் குடும்பமாகச் சனம் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு தாய் "ஐயா, தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தாள். பூசையில் மரித்தோரின் பெயர்களைச் சாமியார் விறுவிறென்று வாசித்துப் போனார். இருபது முப்பது பெயர்களுக்கு நடுவில் சிசிலியாவின் பெயர் வந்து போக அரைச் செக்கன்கூட எடுக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் அவர் கைலேஞ்சியை விரித்து இடம் பிடித்து வைத்திருந்தார், சிசிலியாவுக்குப் பிடித்து வைக்கிற பழைய வழக்கத்தில். பூசை முடிந்ததும் அதை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

பத்து மணிக்கு மரத்தடியில் இருந்து எடுத்தார்.

"பேர் வாசிச்சவையோ?"

"வாசிச்சவை."

"மண் எடுத்தனீங்களோ அப்பா? அம்மா பேர்சுக்குள்ள வச்சிருந்தவாவே, அந்த மாதிரி."

மடுவுக்குப் போன சனம் ஒரு பிடி மண் எடுக்காமல் திரும்பாது. வீட்டில் வைத்தால் விஷ ஜந்துகள் அண்டாது என்பது நம்பிக்கை. சிசிலியாவின் சின்னப் பொட்டலம் அவளோடு சவப்பெட்டிக்குள் போய்விட்டது.

"எடுத்தனான். நாளைக்கே உனக்குத் தபாலில போடுறன்."

"போட வேண்டாம்" என்றாள். "என்ர அறையில வையுங்கோ."

சந்தியோகு அதைக் கேட்டார். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை.

அவள் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். வழக்கத்தில் அந்த இடத்தில் போனை வைத்துவிடுவார்கள். "வையாதைங்கோ அப்பா. நான் படுக்கப்போறன், ஆனா வையாதைங்கோ" என்றாள். கதவு திறந்த சத்தம், சப்பாத்து விழுந்த சத்தம், போர்வைச் சத்தம். மாதாவின் பாட்டு ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. "அம்மாட பாட்டு" என்றாள் அரைத் தூக்கத்தில். பிறகு கதை இல்லை.

சந்தியோகு போனைக் காதோடு அழுத்தினார். அவளுடைய மூச்சு வந்தது. ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. பழைய பழக்கத்தில் அவர் எண்ணத் தொடங்கினார். ஒன்றுக்கு அடுத்தது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சோதனை மேசையில் கண்டிருந்தால் ஓயாத ஆட்டம் என்று உலையை நிறுத்தியிருப்பார். சுற்றிவர ஆயிரக்கணக்கான சனம் சோறு வடித்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் ஒரு கையில் மண் பொட்டலமும் மற்றக் கையில் போனுமாக, போனின் சார்ஜ் முடிகிறவரைக்கும் அசையாமல் அப்படியே இருந்தார்.